இலுப்பையடி விலக்கில் கிடந்த நிழல்

பதினாறாம் நாள் காரியத்துப் பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் வந்துகொண்டிருந்த வேளையில்தான், மாசிலாமணியின் நிழல் மட்டும் நாற்கரச் சாலையை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி இலுப்பையடிக்குள் வந்து சேர்ந்தது. கேட்டவர்களில் திடுக்கிட்டவர் எவருமில்லை. "பாயசம் வரட்டும், குடிச்சிட்டுப் போய்ப் பாப்போம். நெழலு எங்க ஓடிரப் போவுது?" என்றார் பந்தியின் முதல் இலையில் இருந்த கான்ட்ராக்டர் சௌந்தரபாண்டியன். அது நியாயமாகவே பட்டதால், ஊரார் பாயசம் குடித்து, கை கழுவி, வெற்றிலையும் போட்டுக்கொண்டு, ஊருக்குப் பாதை பிரியும் விலக்கு வரைக்கும் ஊர்வலம்போல நடந்துபோய்ப் பார்த்தார்கள். நிழல் ஓடிவிடவில்லை.

சாலையின் வடவோரத்து மண்ணில், பேருந்துக்குச் சனங்கள் காத்து நிற்கும் இடத்தில், ஒரு முதிர்ந்த வாகை மரத்தின் நிழலளவுக்கு அது விரிந்து கிடந்தது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் வானை நோக்கித் தூக்கியிருந்தது. இருக்கையில் ஒருவன் பின்னே சாய்ந்திருந்தான். அவனுடைய தலைமுடி காற்றில் சிலிர்த்து நின்ற அழகிலிருந்து, தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை என்பது நிழலிலும் ஐயந்திரிபற விளங்கியது. அண்ணாந்து பார்த்தால் மேலே வண்டியும் இல்லை, ஆளும் இல்லை; மார்கழி மாதத்து வெளுத்த வானம் மட்டும் இருந்தது.

"உசுரோட இருக்கையில அஞ்சரை அடிதானே இருந்தான், நெழலு இம்புட்டுப் பெருசா இருக்கே?" என்று ஒருவர் கேட்டார்.

"அவன் வாழ்ந்த வாழ்க்கை அப்படி," என்றான் அவனுடைய உயிர்த்தோழன் விக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவன் வாழ்ந்த வாழ்க்கையாவது, கல்லூரிக்கு அரைநாளும் இந்த விலக்குக்கு முழுநாளும் போய்வந்ததுதான் என்றாலும், துக்கத்தில் இருப்பவனிடம் கணக்குப் பேசுவது அறமன்று என்று எவரும் மறுக்கவில்லை.

அன்று கூட்டத்தில் கடைசியாக நின்றவர் மாசிலாமணியின் தந்தை ஆவுடையப்பன். உரக்கடை வைத்திருப்பவர், வெள்ளிதோறும் சிவன் கோயிலில் பதிகம் பாடும் கூட்டத்துக்கு முதற்குரல் எடுத்துக் கொடுப்பவர். நெடுங்காலம் பிள்ளையின்றித் தவங்கிடந்து பெற்ற ஒரே மகனுக்கு, மாசு இல்லாத மணி என்று இறைவன் திருநாமத்தையே சூட்டியிருந்தார். மீசை அரும்பிய பருவத்தில் தோழர்கள் அந்தத் திருநாமத்தின் பின்பாதியை வெட்டியெறிந்து 'மாஸ்' ஆக்கினார்கள்; 'இல்லை' என்பது போய், மணியும் போய், மாசு மட்டும் மிஞ்சியது. அவனும் அந்தப் பெயருக்கே நன்றாகத் திரும்பிப் பார்த்தான்.

அடியவன் ஒருவனுக்காகக் காலனையே காலால் உதைத்த பெருமானின் கதையை, சோறூட்டிய நாள்தொட்டு ஆவுடையப்பன் மகனுக்குச் சொல்லி வந்திருந்தார். மகனோ அதிலிருந்து, காலனை உதைக்கலாம் என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான். உதைத்தவர் யார் என்ற பாதியை விட்டுவிட்டான். இக்காலத்து வண்டிகளுக்கு உதைக்கவும் வேண்டியதில்லை. பொத்தானை அமுக்கினால் போதும், காலன் தானாகவே புறப்பட்டு வந்துவிடுவான். அப்படிப்பட்ட வண்டிக்குக் கோயில் வாசலில் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சாவியை மகன் கையில் கொடுத்தவரும் ஆவுடையப்பனே. பழம் நசுங்கியதும் கண்ணேறு கழிந்தது என்று எல்லாரும் கைதட்டினார்கள். அதன்பிறகு கடைக்கு வருகிறவர்களிடம், "நம்ம பய திருச்செந்தூருக்குப் போயிட்டு, நான் குளிச்சு முடிக்கதுக்குள்ள திரும்பி வந்துட்டான்" என்று யூரியா நிறுத்துக்கொண்டே சொல்லுவார். "அண்ணாச்சி மவன்னா சும்மாவா?" என்று அவர்கள் வியப்பார்கள். அந்த வியப்பில் அவருக்கு இருந்த இன்பம் பதிகத்தில்கூட இருந்ததா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரிந்த செய்தி.

நிழல் ஏன் தங்கிவிட்டது என்பதை ஆராய ஊருக்குப் பொழுது அதிகம் தேவைப்படவில்லை. பழி பதாகை அடித்தவன்மேல் விழுந்தது. கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் 'இறைவனடி நிழலை அடைந்தார்' என்று போடச் சொல்லித்தான் ஆவுடையப்பன் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் மாஸ் வண்டியோடு நிற்கும் படம் நடுவிலும், சௌந்தரபாண்டியன் கைகூப்பிய படம் அதைவிடச் சற்றே பெரிதாக மேலேயும், தோழர்கள் அத்தனைபேரின் முகங்களும் கீழேயும் வந்தபின், இறைவனுக்கு இடமில்லாமற் போயிற்று. 'நிழலை அடைந்தார்' என்று மட்டும் அச்சேறியது. "எந்த நெழலுன்னு வெவரமாச் சொல்லாட்டா, பய எங்கதான் போவான்? இங்கனயே அடைஞ்சுட்டான்" என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. பதாகைக்காரன் வேறொன்று அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டான். ஆனால் அதற்குள் நிழலின் அருமை தெரிந்துவிட்டதால், திருத்தம் வேண்டாம் என்று ஊராரே தடுத்துவிட்டார்கள்.

ஏனெனில் இலுப்பையடியில் நிழல் என்ற பொருள் அருகிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நாற்கரச் சாலை வந்தபோது இலுப்பை, புளி, வாகை, வேம்பு எல்லாம் வேரோடு போயின. ஊர்ப்பெயரில் இருந்த இலுப்பையை மட்டும் பொக்லைன் எந்திரத்தால் பிடுங்க முடியவில்லை. வெட்டிய மரங்களுக்கு ஈடாகச் சௌந்தரபாண்டியன் ஒரு 'பயணியர் நிழற்குடை' கட்டிக் கொடுத்தார். அதில் திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், வாழ்த்தியவர் பெயர் எல்லாம் இருந்தன. நிழல் மட்டும் பின்புறத்துக் கருவேலம் புதரில் விழுந்தது. ஆடுகள் அதில் படுத்துக்கொண்டன. பயணியர் வெயிலில் நின்றார்கள். இப்போது மாசிலாமணியின் நிழல் வந்ததும், கூழ்க்கடை அதற்குள் நகர்ந்தது. செருப்புத் தைப்பவர் நகர்ந்தார். பள்ளிப் பிள்ளைகள் முன்சக்கரத்திலும், கர்ப்பிணிகள் பெட்ரோல் தொட்டியின் அடர்ந்த பகுதியிலும் நின்றார்கள். மர நிழலைப்போல இலை அசைந்து வெயில் ஒழுகுகிற குறையும் இதற்கில்லை.

"செத்தும் குடுக்கான் பாத்தீயளா அண்ணாச்சி, உங்க மவன்!" என்று ஆவுடையப்பனின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். உயிரோடு இருக்கையில் ஒரு முதியவரையேனும் அவன் சாலை கடக்க விட்டதில்லை என்பது அவர்களுக்கு மறந்தே போயிற்று. 'மாஸ் நினைவு நிழல் பராமரிப்புக் குழு' என்று ஒன்று அமைந்தது. நிழற்குடை கட்டிய அனுபவத்தால் சௌந்தரபாண்டியனே தலைவரானார். முதற்பணியாக நிழலைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்பால் எல்லை கட்டினார்கள். சூரியன் குழுவில் உறுப்பினர் அல்லாததால், மறுநாளே நிழல் எல்லையைத் தாண்டிக் கிடந்தது.

தாயார் பிரம்மசக்தி ஒரு பாயும் தூக்குச்சட்டியும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது அந்த வாரத்தில்தான். வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. மகனுடைய நெஞ்சு எது என்று நிதானித்து, அங்கே பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"சக்தி, இது என்ன கூத்து? வீட்டுக்கு வா," என்றார் பின்னோடு வந்த ஆவுடையப்பன். அவர் நிழலுக்கு வெளியே, வெயிலில் நின்றிருந்தார்.

"கடைசிக் காலத்துல புள்ள நெழல்ல ஒக்காந்து ரெண்டு வாய்க் கஞ்சி குடிக்கணும்னு நேந்துக்கிட்டு இருந்தவ நான்," என்றாள் அவள், தூக்குச்சட்டியைத் திறந்தபடி. "நெழலு இங்க இருக்கு. கஞ்சி நான் கொண்டாந்துட்டேன். உங்களுக்கு என்ன கொறை?"

அன்றுமுதல் ஒவ்வொரு நண்பகலும் அவள் அங்கே இருந்தாள். ஒவ்வொரு நண்பகலும் கடையைப் பாதி அடைத்துவிட்டு அவர் வந்து, நிழலின் விளிம்புவரை போய், கால் வைக்க மாட்டாமல் நின்று, தனியே திரும்பினார். துக்கத்தால்தான் அப்படி நிற்கிறார் என்று ஊரார் உருகினார்கள். காரணம் வேறு. நிழலுக்கு வெளியே, அவரைப்போலவே வெயிலில், இன்னொரு மனிதன் இருந்தான். ஆவுடையப்பனுக்கு நிழலைவிட அவனிடத்தில்தான் அச்சம்.

அவன் பெயர் வேலாண்டி. கார்த்திகை மாதத்தில் விபத்து நடந்த அந்த நாளில் மாசிலாமணியோடு இன்னோர் உயிரும் போயிற்று. அது வேலாண்டியின் மனைவியுடையது. அந்த இடத்தில் பருவத்துக்குப் பருவம் கொய்யாவோ, பனங்கிழங்கோ, நுங்கோ விற்று வந்தவள். அவளுக்குப் பதாகை இல்லை. ஆகவே ஊருக்கு அவளுடைய பெயரும் தெரியவில்லை. 'குறுக்கே வந்தவள்' என்றே சொன்னார்கள். "தங்கமான பய. அந்தப் பொம்பளை மட்டும் குறுக்க வராம இருந்திருந்தா…" என்று கூழ் குடித்துக்கொண்டே வருந்துவார்கள்; அப்போது வேலாண்டி கைக்கெட்டும் தூரத்தில் பனங்கிழங்கைக் கட்டுக் கட்டிக்கொண்டிருப்பான். "நெழலுக்குள்ள வாரும்யா, எதுக்கு வெயில்ல காயுதீரு?" என்று அவர்களே அவனைப் பெருந்தன்மையோடு கூப்பிடவும் செய்தார்கள். "வெயிலு நமக்குப் பழகிருச்சு," என்பான்.

ஆவுடையப்பன் அந்த நாளில் ஊரார் எவருக்கும் முன்னே சாலைக்கு ஓடிவந்தவர். கொய்யாக் கூடை எங்கே கிடந்தது என்பதைத் தம் கண்ணால் பார்த்தவர். சாலையோரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண்ணில், வெகு ஓரத்தில் கிடந்தது. ஆயினும் வீட்டுக்கு வந்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்த மனைவியிடம், "என்ன செய்ய சக்தி, ஒருத்தி குறுக்க வந்துட்டா" என்று சொன்னவரும் அவரே. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தலையை முட்டுவதை நிறுத்தினாள்.

தை பிறந்தது. சூரியன் வடக்கே திரும்பினான். அவன் வடக்கே வர வர, நிழல் தெற்கே, தார்ச்சாலையை நோக்கி ஊர்ந்தது. முதலில் கூழ்க்கடை மண்ணை விட்டு நகர வேண்டியதாயிற்று. பிறகு கர்ப்பிணிகளும் பள்ளிப் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டின்மேல் நின்றார்கள். நிலைமையை உணர்ந்த பராமரிப்புக் குழு, சாலையைச் சற்றுத் தெற்கே தள்ளிப் போட்டுத் தருமாறு மேலிடத்துக்கு விண்ணப்பித்தது. நிழலை வடக்கே தள்ளிக்கொள்ள வழியுண்டா என்று மேலிடம் திருப்பிக் கேட்டது. இரு தரப்பிலும் பரிசீலனை நடந்தது. இதற்கிடையில் இரும்புத் தடுப்புகள் வந்து சேர்ந்தன. வளைந்து வளைந்து ஓட்டிப் பழக இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று விக்கியும் கூட்டாளிகளும் மகிழ்ந்தார்கள்.

அவர்களுக்கென்று ஒரு வழிபாடும் அதற்குள் உண்டாகியிருந்தது. நண்பகலில் வண்டிகளை முறுக்கிக்கொண்டு வந்து, நிழலுக்குள் நுழையும்போது இரு கையையும் விட்டுவிட்டு, "மாஸ் அண்ணே!" என்று கூவிக் கடப்பார்கள். "அண்ணன் நெழலு மேல பட்டவனுக்கு ரோட்டுல ஒண்ணும் ஆவாது" என்பது கொள்கை. பங்குனியில் அப்படிக் கடந்த ஒருவன் தடுப்பில் மோதிக் கால் எலும்பு இரண்டாகி விழுந்தான். "பாத்தியா? காலோட போச்சு. அண்ணன் காப்பாத்திட்டான்," என்று ஆம்புலன்ஸில் ஏறும்போது சொன்னான். அடியார்களின் நம்பிக்கை முன்னினும் உறுதிப்பட்டது.

பிரம்மசக்தியின் பாயும் நிழலோடு நகர்ந்தது. மற்றவர்கள், நிழல் சாலைக்குள் போனதும், அதைக் கைவிட்டு வெயிலுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு அது நிழல்தானே. அவள் மட்டும் வெள்ளைக் கோட்டைத் தாண்டினாள். சித்திரை பிறந்து, சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்தபோது, நிழல் முழுவதுமாகச் சுருண்டு திரண்டு சாலையின் நடுவில் கிடந்தது. அதன்மேல் அவளுடைய பாய் கிடந்தது. குழுவினர் கடமை தவறாமல் இருபுறமும் சிவப்புத் துணி கட்டிவிட்டு, நிழற்குடைக்குப் பின்னால் ஆடுகளோடு போய் உட்கார்ந்துகொண்டார்கள். லாரிகள் ஒலி எழுப்பி ஒதுங்கிப் போயின.

அன்று ஆவுடையப்பன் கடையை முழுதாக அடைத்துவிட்டு வந்தார். தாருக்குள் இறங்கி, நிழலின் விளிம்பில் நின்றார்.

"சக்தி, எந்திரி. வண்டி வருது."

"ஒதுங்கித்தான் போறாங்க. அவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

"பயலுவ வருவானுவ இப்ப. கையை விட்டுக்கிட்டு வருவானுவ. நீ இருக்கது அவனுவ கண்ணுல படுமா, படாதா?"

"எம்புள்ளையப் பாக்க வாரானுவ. வந்துட்டுப் போறானுவ."

"வீட்டுக்கு வா, சக்தி."

"வீட்டுல யாரு இருக்கா?"

"நான் இருக்கேனே."

"நீங்க கடையில இருக்கீய," என்றாள் அவள்.

கையைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு நிழலுக்குள் கால் வைக்க வேண்டும். நெற்றியில் இருந்த திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கிற்று. கிழக்கே, வெகு தூரத்தில், வண்டிகளின் உறுமல் கேட்கத் தொடங்கியது.

அப்போது வேலாண்டி, சீவிக்கொண்டிருந்த நுங்கைக் கீழே வைத்து, அரிவாளைச் சாக்கில் செருகி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். ஆவுடையப்பனைக் கடந்து, அத்தனை மாதமும் மிதியாத அந்த நிழலுக்குள் போய், பாயின் அருகே குந்தினான்.

"தாயி, கொஞ்சம் எந்திரிங்க," என்றான். கோபம் ஒன்றுமில்லாத குரல். "இது அவ விழுந்த எடம்."

பிரம்மசக்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தனை நாளும் நீங்க அங்க இங்கன்னு ஒக்காந்திருந்தீய, நான் ஒண்ணும் சொல்லலை. பெத்த வயிறு. இன்னைக்கு நேரா அவமேல பாயை விரிச்சிருக்கீய. மனசு தாங்கலை."

"ரோட்டு நடுவுல அவளுக்கு என்னய்யா சோலி? குறுக்க வந்துட்டான்னு…"

"அவ குறுக்க வரலை தாயி. அந்தா, அந்த ஓரத்துல கூடையை வச்சுக்கிட்டு ஒக்காந்துதான் இருந்தா. வண்டிதான் அவளைக் குறுக்க கொண்டாந்து போட்டுச்சு."

அவள் வேலாண்டியைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தாள். பதிகத்தில் ஓரடி மறந்தால்கூடக் கூட்டம் உணராதபடி இட்டு நிரப்பிவிடும் வல்லமை வாய்ந்த ஆவுடையப்பன், அந்தப் பார்வைக்கு முன் எதையும் இட்டு நிரப்பவில்லை.

"கூடை ஓரத்துலதான் கெடந்துச்சு," என்றார். "நான் பாத்தேன்."

பிரம்மசக்தி எழுந்தாள். தீப்பட்ட இடத்திலிருந்து எழுவதுபோல் எழுந்தாள். பாயைச் சுருட்டக் குனிந்தவள், சுருட்டாமல், அந்தத் தாரை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தாள். தான் உட்கார்ந்ததை அழிப்பவள்போல மறுபடியும் துடைத்தாள்.

"அவ பேரு என்னய்யா?"

"தவசிக்கனி."

"தவசிக்கனி," என்றாள் அவள். மகன் இறந்த நாள்முதல் ஒரு பெயரைச் சொல்லி அழ அவளுக்கு வாய் வந்திருந்தது. இன்னொரு பெயருக்கும் அதே வாய்தான் வந்தது. "ஏ தவசிக்கனி! உன் மேலயா ஒக்காந்து நான் கஞ்சி குடிச்சேன்!"

உறுமல் நெருங்கிவிட்டது. வேலாண்டி அவளுடைய முழங்கையைப் பற்றி வடவோரத்துக்கு நடத்திக்கொண்டு போனான். அவள் தடுக்கவில்லை. ஆவுடையப்பன் வந்த காரியம் அதோடு முடிந்தது. அவள் சாலையை விட்டுப் போய்விட்டாள். அவரும் பின்னோடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் சுருட்டாமல் கிடந்த பாய் அவர் கண்ணில் பட்டது. அதை எடுக்கலாம் என்று நிழலுக்குள் கால் வைத்தார். ஊரார் புகழ்ந்தது பொய்யில்லை. உள்ளே குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அந்தக் குளிர்ச்சிக்குள் நின்று கிழக்கே திரும்பினார்.

விக்கி முன்னால் வந்தான்; கைகள் இரண்டையும் அகல விரித்திருந்தான். அவன் பின்னே ஆறேழு பேர். ஆவுடையப்பனும் தம் கைகள் இரண்டையும் அகல விரித்தார்.

"யோவ் பெருசு, தள்ளும்! தள்ளும்யா!"

அவர் தள்ளிப் போகவில்லை. விக்கியின் கைகள் எப்போது வண்டியைப் பற்றின என்பதை அவனும் அறியான். டயர் தாரில் நெடுகத் தேய்ந்து, கருகல் நாற்றம் எழுந்து, வண்டி குறுக்குவாட்டில் திரும்பி, அவருடைய வேட்டி விளிம்பைத் தொட்டு நின்றது. பின்னே வந்தவர்கள் ஒருவன்மேல் ஒருவன் இடித்துச் சரிந்தார்கள், முழங்கால்கள் சிராய்ந்தன, ஒரு கறுப்புக் கண்ணாடி உடைந்தது. வேறு சேதம் இல்லை.

"அண்ணாச்சி, நீங்களா?" என்றான் விக்கி. "செத்திருப்பீயளே அண்ணாச்சி. நான்லா கொன்னுருப்பேன். எதுக்கு இப்படி…"

"எறங்கு."

"அண்ணன் நெழலு அண்ணாச்சி, ஒருவாட்டி போயிட்டு…"

"எறங்குலே! உங்கப்பனும் எலுமிச்சம்பழம் வச்சுத்தானடா வாங்கிக் குடுத்தான்? எறங்கி உருட்டு."

விக்கி இறங்கினான். உருட்டினான். பின்னே ஒவ்வொருவராக உருட்டினார்கள். எஞ்சின் ஒலி அடங்கிய சாலையில், செருப்புத் தேயும் ஓசையோடு, நிழலைச் சுற்றிக்கொண்டு அவர்கள் போவதைக் கருவேலம் புதரின் பக்கமிருந்து பராமரிப்புக் குழு எட்டிப் பார்த்தது. "மாஸ் நெழல்ல வண்டி நுழையப்படாதுன்னா, அதுக்குக் குழுவுல தீர்மானம் போடணும்லா," என்று சௌந்தரபாண்டியன் அருகிலிருந்தவரிடம் கேட்டார். அருகிலிருந்தது ஓர் ஆடு.

வடவோரத்து வெயிலில், நுங்குக் குவியலின் பக்கத்தில், பிரம்மசக்தி உட்கார்ந்திருந்தாள். வேலாண்டி சீவிக் கொடுத்த நுங்கைக் கையில் வைத்துக்கொண்டு, உண்ணாமல், நடுச்சாலையில் நிற்கும் கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். நிழல் வந்த நாள்முதல் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "போதும், வாங்க. வீட்டுக்குப் போவோம்."

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். பிறகு கிழக்கே பார்த்தார். கண்ணுக்கெட்டிய தொலைவில், கானலுக்குள், ஒரு கறுப்புப் புள்ளி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணு வருது சக்தி," என்றார். "அதை எறக்கி விட்டுட்டு வாரேன்."